பதினான்காம் மாடி, காலை உணவு உட்பட

ஆடியில் புடவைக்கு மட்டும்தானா தள்ளுபடி?
பெங்களூரில், அல்சூர் ஏரி தெரிகிற அறைக்கும் உண்டு:
ஓரிரவு, இருவர், காலை உணவு உட்பட
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
வரி தனி என்று பொடி எழுத்தில் இருந்ததை
மெஹருன்னிசாதான் கண்டுபிடித்தாள்.
தையல் பிசகு பிடிக்கிற கண்.

பதினோரு மாதம்
டீக்காசை பிஸ்கட் டப்பாவில் போட்டோம்.
ஓவர்டைம் கிடைத்த சனிக்கிழமைகளில்
இது லிஃப்டுக்கு, இது மெத்தைக்கு என்று
பெயர் சொல்லிப் போட்டோம்.
வீட்டில் ட்ரெய்னிங் என்றேன்.
பெரிய பொய் இல்லை.

ஆம்பூரில் ஏறி
கண்டோன்மென்ட் வரை நின்றுகொண்டே வந்தோம்.
ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நடந்தோம்.
கடைசித் திருப்பத்தில் மட்டும்
பையை இறக்கி, முகம் துடைத்து, பவுடர் போட்டு,
காரிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தை
ஆளுக்கொன்று வரவழைத்துக்கொண்டோம்.

தலைப்பாகைக்காரர் கதவைத் திறந்து
"வாங்கக்கா" என்றார், மெல்ல, தமிழில்.
எப்படித் தெரிந்தது இந்த ஆளுக்கு என்று
ஏழாம் மாடி தாண்டும்வரை பேசினோம்.
என் கையில்
எலுமிச்சை சாதம், மஞ்சப்பையில்.

அறைக்குள் போனதும் அவள் உட்காரவில்லை.
போர்வையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.
"அங்குலத்துக்குப் பன்னிரண்டு. பாஸ்."
அப்புறம்தான் விழுந்தாள்.
பொத்தானை அழுத்தினால் திரை விலகுகிறது,
இன்னொரு முறை அழுத்தினால் ஏரி மறைகிறது.
எத்தனை முறை அழுத்தினோம் என்று
யாரும் கேட்கப்போவதில்லை.
குட்டி ஃப்ரிட்ஜில் முந்நூற்றைம்பது ரூபாய் முந்திரி.
கும்பிட்டு மூடினேன்.

தொட்டி.
எங்கள் தெருவில் ஆறு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
அவள் பாதிதான் நிரப்பினாள்,
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.
"காலை நீட்டுடி!" வெளியிலிருந்து கத்தினேன்.
அடுத்து நான்.
அதற்கப்புறமும் திறந்துவிட மனசு வராமல்
அதே தண்ணீரில் ரெண்டு சுடிதார் அலசினோம்.
ஏசி காற்றுக்கு
நடு இரவுக்குள் காய்ந்துவிட்டன.
பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.
தூங்கினால் காசு வீண் இல்லையா.

ஏழு மணி முதல் பத்தரை வரை காலை உணவு.
ஏழுக்கே போய்விட்டோம்.
ஊரில் கிடைக்கிற எதையும் தொடக்கூடாது என்று சட்டம்.
எட்டே காலுக்கு
மெஹருன்னிசா இட்லி எடுத்து வந்தாள்.

பக்கத்து மேசைக்காரர்
கால்மேல் கால் போட்டிருந்தார்.
அவள் ஸ்பூனைக் கீழே போட்டாள், வேண்டுமென்றே.
குனிந்தவள் எழ நேரமானது.
"நம்ம லைன்டி" என்றாள்.
"நாக்கு ஓரம் ரெட்டைத் தையல். தை மாச ஆர்டர்."
நான் என் முள்கரண்டியைப் போட்டேன்.

ஆமாம்.
பழுப்புத் தோல். இடது குதிகாலில்
தையல் நூலளவு வளைந்து திரும்புகிறது.
வெள்ளிக்கிழமை சாயங்காலத்து வளைவு.
எட்டாவது மணி நேரத்தில்
கண் எரிய எரிய
போகட்டும் என்று நான் விட்டது.

அவர் பார்த்துவிட்டார்.
கோபிக்கவில்லை, சிரித்தார்.
காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி
"இத்தாலி" என்றார்.
"சூப்பர் சார்" என்று சொல்லி
மெஹருன்னிசா இட்லிக்குத் திரும்பினாள்.
அவள் காதுமடல் சிவந்திருந்தது.
பரிமாறுகிற பையன்
புது ஸ்பூனும் முள்கரண்டியும் கொண்டுவந்து
எங்களுக்குக் குனிந்தான்.

கிளம்பும்போது அறையின் செருப்பையும் சோதித்தாள்:
"ஒட்டியிருக்கான், தைக்கவே இல்லை. ரிஜெக்ட்."
ரிஜெக்ட் ஆன ரெண்டு ஜோடியும்
இப்போது பையில், ஷாம்பு குப்பிகளோடு.
டிக்கெட் போக மிச்சம் அறுபத்திரண்டு ரூபாய்.

பங்காருப்பேட்டையில் ஒரு குடும்பம் இறங்க
மரப்பலகையில் இடம் கிடைத்தது.
மெஹருன்னிசா என் தோளில் சாய்ந்து,
வாய் லேசாகத் திறக்க,
பதினான்காம் மாடியில் தூங்காத தூக்கத்தை எல்லாம்
ஆம்பூர் வரைக்கும் தூங்கினாள்.